நம்ம ஆளா, அதான் யோசிச்சேன்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. பட்டர்வொர்த்திலிருந்து வந்த ரயில் தாமதமாகி, கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் நான் இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கைப்பேசிச் செயலியில் காடி கூப்பிட்டேன். வந்தவர் அறுபதைத் தொட்ட தமிழர். பின்கதவில் கை வைத்தேன், திறக்கவில்லை. அவர் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, உள்விளக்கைப் போட்டு, என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் "முன்னாடி உக்காருங்க தம்பி" என்றார். உட்கார்ந்தேன். டேஷ்போர்டில் பத்துமலை முருகன், பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும் ஒரு சின்ன கேமரா. ஜாலான் கூச்சிங் வரைக்கும் பேச்சில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது அவராகவே ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பேரப் பாத்தேன், நம்ம ஆளுன்னு தெரிஞ்சிச்சு. அதான் எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன். கிட்ட வந்தா நரைமுடி. சரின்னு விட்டுட்டேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் செலாயாங்கில் இறங்கி, வீட்டுக் கேட்டைப் பூட்டி, படுத்த பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. "நம்ம ஆளு" என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கல்யாண வீட்டில் பந்தியில் இடம் பிடித்துக் கொடுப்பார்கள். அரசாங்க அலுவலகத்தில் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் நம்ம ஆளாக இருந்தால் பாரத்தை நிரப்ப உதவி செய்வார். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு டாக்சிக்காரரின் வாயில் மட்டும் அது எப்படி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது? அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் எளிது. நான் டாக்சிக்காரர் மகன்.

1999ஆம் ஆண்டு, எனக்கு இருபது வயது. ஈப்போவில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பஸ் பிடித்து வந்தேன். வழியில் டயர் வெடித்து, கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்று. எல்.ஆர்.டி. நகர ரயில் நின்றுவிட்டது. கறுப்பு டி-சர்ட், ஒரு காதில் கடுக்கன், முதுகில் பை. ஐந்து டாக்சிகளை நிறுத்தினேன். முதல் நால்வரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் நிற்கக்கூட இல்லை, வேகத்தைக் குறைத்து, பார்த்து, மறுபடி கூட்டினார். ஐந்தாவது டாக்சியின் கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை போட்ட பிள்ளையார் படம். அப்பாடா என்று ஓடினேன். "செந்தூல் போகணும் அங்கிள்." அவர் என்னைப் பார்த்தார். காதைப் பார்த்தார். "அந்தப் பக்கம் போகல தம்பி" என்றார். வண்டி மூக்கு அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தேன். ஜாலான் துன் பேராக், மஸ்ஜித் ஜமேக், பிறகு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் முழு நீளத்துக்கும். சௌகிட்டில் அந்த நேரத்திலும் ஒட்டுக்கடைகள் திறந்திருந்தன. அங்கிருந்து ஈப்போ சாலை. ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்தபோது அப்பா இரவு ஓட்டம் முடிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நம்மவரே ஏற்றவில்லை என்று அழுகிற குரலில் சொன்னேன். அப்பா கஞ்சியை வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "இந்த சட்டையிலயா நின்ன?" என்றார். "அவரு செஞ்சது சரிதான்டா."

அந்த ஒரு வாக்கியத்தோடு நான் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பாவின் சட்டங்கள்

சிவப்பும் வெள்ளையுமான புரோட்டோன், டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்ட கேஸ் உருளை, நாள் வாடகை 45 வெள்ளி, அதாவது ரிங்கிட். அந்த 45 வெள்ளியைக் காலையிலேயே கடனாக வைத்துக்கொண்டுதான் அப்பா சாவியைத் திருப்புவார். பகலில் நெரிசலில் மீட்டர் ஊரும். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை கட்டணத்தில் பாதி கூடுதல், சாலையும் காலி. அதனால் பிள்ளைகள் படிக்கிற வீட்டு டாக்சிக்காரர்கள் இரவில்தான் ஓட்டுவார்கள். ஆபத்தான நேரமும் காசு வருகிற நேரமும் ஒன்றே. பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். "இரவில் தனியான இடங்களுக்குச் செல்லாதீர்கள்" என்று டாக்சிக்காரருக்கு அறிவுரை சொல்வது, மீனவரிடம் கடலுக்குப் போகாதே என்பதைப் போல.

அப்பாவிடம் இரண்டு பர்ஸ் இருந்தன. காலாவதியான அட்டைகளும் இருபது வெள்ளியும் வைத்தது சட்டைப் பையில், அது திருடனுக்கு. நிஜப் பர்ஸ் எங்கே இருக்கும் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மூன்று ஆண்கள் சேர்ந்து வந்தால் ஏற்ற மாட்டார். இரண்டு பேர் வந்து ஒருவர் முன்னாலும் ஒருவர் தனக்கு நேர் பின்னாலும் உட்கார்ந்தால், டயரில் காற்றில்லை என்று சொல்லி இறக்கிவிடுவார். இடத்தைச் சொல்லாமல் "நேரா போங்க, சொல்றேன்" என்பவர்களிடம் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திக் கேட்பார். வெளிச்சத்தில் நிற்பவரை ஏற்றுவார், மரத்தடியில் நிற்பவரை ஏற்ற மாட்டார். இருபது, இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பையன்களை இரவு பத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார். இதை அவர் வெட்கத்தோடு சொன்னதில்லை, பெருமையோடும் சொன்னதில்லை. மழை வந்தால் வைப்பர் போடுவதைப் போலச் சொல்வார்.

டாக்சி ஓட்டுநரின் இருக்கையை யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தெரியாத ஒருவர் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், கண்கள் சாலையில். சட்டப்படி போட்டே ஆக வேண்டிய சீட் பெல்ட் அவரை இருக்கையோடு கட்டி வைத்திருக்கிறது. எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் பின்னால் இருப்பவர். வேறு எந்தத் தொழிலில் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் சொல்கிற இருட்டுக்குள் போவது வேலையாக இருக்கிறது? அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷா, மற்றத் தொழிலாளர்களைவிட டாக்சி ஓட்டுநர்கள் வேலையில் கொல்லப்படும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல் என்று எழுதி வைத்திருக்கிறது. அது அந்த நாட்டுக் கணக்கு, துப்பாக்கி உள்ள ஊர். ஆனால் முதுகு எல்லா ஊரிலும் ஒரே பக்கம்தான்.

ஃபைல் வைத்திருந்தவர்

2004, மழைக்காலம். இரவு பத்தே கால். ஜாலான் பகாங்கில், பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம், நல்ல வெளிச்சத்தில், கணவன் மனைவி போல இருவர். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும், முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கையில் எக்ஸ்ரே உறை துருத்திக்கொண்டிருக்கும் ஒரு ஃபைல். அந்த அம்மா சோர்ந்து அவர் தோளில் சாய்ந்திருந்தார். உலு லாங்காட், பதினான்காம் கட்டை. அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். மலாயில் பேசினார்கள். இங்கே எல்லோரும் எல்லோரிடமும் அதில்தான் பேசுவோம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என்ன இனம் என்று போலீஸ் கேட்டது, அப்பா சொன்னார். நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் சிலர் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

அம்பாங் மலைச்சாலை ஏறினால் ஒரு பக்கம் கோலாலம்பூர் முழுவதும் விளக்காகத் தெரியும். அதைத் தாண்டி இறங்கும்போது வளைவுகளும் இருட்டும்தான். அந்த இறக்கத்தில் அந்த அம்மா வாந்தி வருகிறது என்றார். டாக்சிக்காரர் எல்லாம் கேள்வி கேட்காமல் நிறுத்தும் வார்த்தை அது. காடிக்குள் யாராவது வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய இரவு வருமானம் போச்சு, மறுநாள் கழுவுகிற செலவு வேறு. அப்பா ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை திரும்புவதற்குள் கழுத்தில் ஒயர் விழுந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததை அப்பா ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். ஒரு முறை சீட் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை என்றார். இன்னொரு முறை கழற்றவே தோன்றவில்லை என்றார். எல்லா முறையும் மாறாமல் வந்தது ஒன்று. ஃபைல் வைத்திருந்தவர் ஒயரை இறுக்கிக்கொண்டே, மிகப் பணிவாக, "பாக்சிக், அசையாதீங்க, பெரியவரே, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பயமுறுத்தியது அந்தப் பணிவுதான் என்பார் அப்பா. சட்டைப் பையிலிருந்த பொய்ப் பர்ஸை அவர்கள் தொடவே இல்லை. அந்த அம்மா நேராகப் பாய்க்கடியில் கை விட்டு நிஜப் பர்ஸை எடுத்தார். 170 வெள்ளி, நோக்கியா கைப்பேசி, கல்யாண மோதிரம். அப்பாவை இறக்கிவிட்டு வண்டியோடு போய்விட்டார்கள். மழையில் நடந்து, ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு, விடியற்காலை மூன்று மணிக்குப் போலீஸ் நிலையம். லாரிக்காரர் ஏற்றியதை நினைத்துப் பார்க்கிறேன். இருட்டில், நனைந்த சட்டையோடு, கழுத்தில் ரத்தக் கோட்டோடு கை காட்டிய ஒருவரை. அப்பாவாக இருந்தால் ஏற்றியிருக்க மாட்டார்.

வண்டி இரண்டு நாள் கழித்துக் காஜாங்கில் கிடைத்தது. ரேடியோ இல்லை, ஸ்பேர் டயர் இல்லை, மீட்டர் இல்லை. வாடகைக்கு விட்ட கம்பெனி, வண்டி காணாமல் போன இரண்டு நாளுக்கும் வாடகை கேட்டது. மீட்டருக்குத் தனியாக. அப்பா தவணையில் கட்டினார். மூன்று வாரம் குரல் வரவில்லை, வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகாத நாட்களுக்கு யாரும் காசு தரவில்லை. முதலாளியிடம் சம்பளம் வாங்குபவருக்குத்தான் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. டாக்சிக்காரர் தனக்குத்தானே முதலாளியாம். சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அது முதலில் சேர்த்துக்கொண்டதே டாக்சி ஓட்டுநர்களையும் செயலிவழி ஓட்டுநர்களையும்தான். செய்தியைப் படித்துக் காட்டினேன். அப்போது அப்பா ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. "நல்லது" என்று மட்டும் சொன்னார்.

ஆத்திரத்தில் நான் ஒரு ஸ்டீயரிங் லாக் வாங்கி வந்து, "இதை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரும்பு, நல்ல கனம். நம் ஊரில் பாதி ஓட்டுநர்கள் அதைப் பூட்டுவதற்காக வைத்திருப்பதில்லை. அப்பா சிரித்தார், இருமல் வந்துவிட்டது. "கை ரெண்டும் ஸ்டீயரிங்ல. அவன் பின்னால. இத எடுத்துத் திரும்பறதுக்குள்ள இதை அவனே வாங்கிக்குவான்டா."

இரண்டு மாதம் கழித்து, இரவு ஓட்டம் முடிந்து ஈப்போ சாலை மாமாக் கடையில் பசியாற உட்கார்ந்திருந்தோம். நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடுக்கனைக் கழற்றி வெகுநாள் ஆகியிருந்தது. ரொட்டி சானாய் வந்தது. கேட்டுவிட்டேன். "அன்னைக்குப் புடுராயாவுல நின்னது நான்னு தெரியாம இருந்திருந்தா, நீங்க ஏத்தியிருப்பீங்களாப்பா?"

அப்பா ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தொட்டு, வாயில் போட்டு, மென்று முடித்தார். "மாட்டேன்."

"இப்பவும்?"

"இப்பவும்."

"உங்க கழுத்தப் புடிச்சது கடுக்கன் போட்டவன் இல்லயேப்பா. ஃபைல் வச்சிருந்தவன்."

அவர் தே தாரிக்கை ஒரு மிடறு குடித்தார். "அவங்க மறுபடி அங்க நின்னா மறுபடி ஏத்துவேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஃபைல் வச்சிக்கிட்டு நிக்கிறவங்கள எப்படிறா விட்டுட்டுப் போறது?"

அன்று எனக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. வயதானவர், பட்டும் திருந்தவில்லை என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவருக்குக் கிடைத்தது மூன்று நொடி. அதற்குள் சட்டை, வயது, தோல், நிற்கிற இடம், கையில் உள்ள பொருள் இவற்றை மட்டும் வைத்துத் தன் உயிரைப் பந்தயம் கட்ட வேண்டும். தவறான ஆளை ஏற்றினால் விலை அவருடைய கழுத்து. தவறான ஆளை மறுத்தால் அவருக்கு நஷ்டம் ஒரு சவாரி, அவ்வளவுதான். மீதி விலையை நடந்து கொடுப்பவன் வேறொருவன். அவன் நல்லவன் என்பது அவருக்குத் தெரியவே வராது. ஏற்றாமல் விட்ட நூறு பையன்களில் எத்தனை பேர் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்தவர்கள் என்று எந்த டாக்சிக்காரரும் எண்ணிப் பார்க்க முடியாது. அதனால் அந்தச் சட்டம் எப்போதும் பலித்ததாகவே தோன்றும். ஏற்றவில்லை, எதுவும் நடக்கவில்லை, பார்த்தாயா?

இப்படி யோசித்தால் அப்பாவை மன்னிக்க முடிகிறது. அந்தப் பிள்ளையார் படக்காரரை மன்னிக்க முடியவில்லை. இது நியாயமில்லை என்று எனக்கே தெரியும்.

முகம் பார்க்காத கண்

முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு மாற்று என்ன என்று கொஞ்ச நாள் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 26 நகரங்களின் 1996 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். சில நகரங்களில் டாக்சிகளுக்குள் கேமரா கட்டாயம், சிலவற்றில் முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையே தடுப்பு, சிலவற்றில் இரண்டும் இல்லை. நான் தடுப்புத்தான் ஜெயிக்கும் என்று நினைத்தேன், ஒயர் நுழைய முடியாதே. ஆனால் ஓட்டுநர் கொலைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது கேமரா வைத்த நகரங்களில். தடுப்பு வைத்த இடங்களில் அப்படித் தெளிவான குறைவு தெரியவில்லை. கேமராவால் யாரையும் பிடித்துத் தள்ள முடியாது. ஆனால் ஏறுகிற ஒவ்வொருவரும், ஃபைலோடு வந்தாலும் கடுக்கனோடு வந்தாலும், தன் முகம் வேறெங்கோ இருக்கும் என்று தெரிந்துதான் உட்காருவார்கள். அந்த வகையில் கேமரா எங்கள் அப்பாவைவிட நியாயமானது.

தடுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2020இல் கோவிட் வந்தபோது ஒரே மாதத்தில் எத்தனையோ கார்களில் பிளாஸ்டிக் திரை தொங்கியது. அப்பா தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, "கிருமிக்கு உடனே போட்டுட்டாங்க" என்றார்.

செயலிகள் வந்த பிறகு பாதி மாறியது. செயலிவழி ஓட்டுநருக்கு 2019 அக்டோபர் 12 முதல் பி.எஸ்.வி. என்ற பொதுச் சேவை வாகன உரிமம் கட்டாயம்: மருத்துவச் சோதனை, ஆறு மணி நேர வகுப்பு, குற்றப் பதிவு சோதனை. பயணி பாதுகாப்பாக இருக்க வேண்டுமே, சரிதான். ஏறுகிறவருக்கு அதுவரை ஒன்றுமில்லை, ஒரு கைப்பேசி எண் போதும். அதே 2019இல்தான் செயலி நிறுவனமான கிராப் பயணிகளையும் செல்ஃபி எடுத்து அனுப்பச் சொன்னது. பலர் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்தேன். அப்புறம்தான் உறைத்தது: புடுராயாவில் அன்று நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். நான் யார் என்று நிரூபிக்க ஒரு வாய்ப்பு. கடுக்கனுக்குப் பதிலாக என் பெயர், என் முகம், நான் போன பழைய சவாரிகள். ஆனால் நண்பன் கணக்கில் கூப்பிட்டு இன்னொருவன் ஏறுவதை எந்தச் செல்ஃபி தடுக்கும்? பணமாகக் கொடுக்கிற சவாரிகளும் இருக்கின்றன. அது மட்டுமில்லாமல், முன்பு முகத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள் இப்போது பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். "ஏத்துக்கிட்டு, பேரு தெரிஞ்சதும் கேன்சல் பண்றாங்கப்பா." நிரூபிக்க முடியாது, தூரமாக இருந்திருக்கலாம் என்றேன். கே.எல். சென்ட்ரல் ஓட்டுநர் வாயால் கேட்கும்வரை அப்படித்தான் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இறங்குவதற்கு முன் கேட்டேன். "கேமரா நல்லா வேலை செய்யுதாண்ணே?" அவர் என்னைப் பார்த்தார், பின்னால் ஒருமுறை பார்த்தார், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதைப் போல. "அது ஓடல தம்பி. மெமரி கார்டு போயி ரெண்டு மாசம் ஆச்சு. லைட் மட்டும் மினுக்கும்." பிறகு, "நம்ம ஆளுன்னு சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க" என்றார். அரை மணி நேரத்துக்குள் அதே வார்த்தை மறுபடி நல்ல பக்கம் திரும்பிவிட்டது.

போன சனிக்கிழமை ஈப்போ சாலையில் ஒரு கல்யாண வரவேற்பு. என் காடி பட்டறையில். முடிந்து வெளியே வந்தபோது பதினொன்றரை. மகன் தன் கைப்பேசியில் கூப்பிட்டான். அவனுக்கு இருபது வயது. மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒரு நிமிஷம் என்று திரையில் வந்ததும் அவன் பேச்சை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தான். நாலு அடி தள்ளி விளக்குக் கம்பத்துக்குக் கீழே போய் நின்றான். கைப்பேசித் திரையின் வெளிச்சம் முகத்தில் விழும்படி பிடித்துக்கொண்டான். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். எது என்று கேட்டான். அவனுக்கே தெரியவில்லை. தூரத்தில் முன்விளக்கு தெரிந்தது, வேகம் குறைந்தது.

"அப்பா, நீங்க முன்னால வந்து நில்லுங்க" என்றான். "உங்களுக்குத்தான் முடி நரைச்சிருக்கு."

போய் நின்றேன்.